விளக்கு மங்கியது ஏன்?

நோய் ஓரிடத்திலிருக்க அதன் குறி வேறோரிடத்தில் தோன்றுதல் மக்கள் உடம்பிற்கு மட்டும் உரிய இயல்பன்று. மக்கள் கையாற் செய்த பொறிகளுக்கும் உரியதே. பல்லில் நோயிருக்கக் காது வலிக்கிறதென்று மருத்துவரை நாடுவார் உளர். அவ்வாறே மோட்டார் வண்டியின் பாட்டரி நாள்தோறும் சோர்வதைக் கண்டு, அதற்கு மின்னூட்டும் பொறியே பழுதென்று துணிந்து, பொறிமேற் பொறியாக மாற்றிக் கைப்பொருள் இழப்பார் பலர். எம் குடும்பத்து வண்டி ஒன்றில் இவ்வாறு நிகழ்ந்ததையும், அதனால் ஓர் இளைஞனுடைய பிழைப்புக்கு நேரவிருந்த இடரையும் இங்கு எழுதப் புகுகின்றேன். பௌதிக நூல் பயிலும் மாணவர்க்கு இஃது ஒருவாறு பயன்படும்; மற்றையோரும் வண்டியுடையராயின் அவர்க்கும் பயன்படாமற் போகாது.

அவ்வண்டி எம் தந்தையார் விட்டுச் சென்ற அம்பாசடர். ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசையை முன்மாதிரியாகக் கொண்டு, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1950-களின் இறுதியிலிருந்து செய்யப்பெற்று, 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் உற்பத்தி நின்றுபோன இனத்தைச் சேர்ந்தது. எம்முடையது டைனமோவோடு வந்த பழைய வண்டி. தந்தையார் காலத்திற்குப் பின் என் தமையனார் அதனைப் புதுக்க விரும்பினார். டைனமோ நீக்கப்பட்டு 65 ஆம்பியர் தரவல்ல ஆல்டர்னேட்டர் ஒன்று அமைக்கப்பட்டது. முகவிளக்குகளுக்கு ஹாலஜன் குமிழ்கள் வந்தன. ரேடியேட்டருக்கு மின்விசிறி வந்தது. எம் அன்னையார் வெயில் தாங்காரென்று குளிர்சாதனமும் வந்தது. இறுதியில் எஞ்சின் அறையின் உட்புறம் உள்ளிட்ட முழு வண்டிக்கும் கரிய வர்ணம் பூசப்பட்டது. இவ்வர்ணத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். பின்னர் இதனைப் பற்றிச் சொல்லவேண்டியதுண்டு.

டைனமோவுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் உள்ள வேற்றுமையை முதற்கண் அறிதல் நன்று. இரண்டும் பாரடே 1831-ஆம் ஆண்டில் கண்டறிந்த தூண்டல் நெறியால் இயங்குவனவே. டைனமோவில் சுழலும் சுருளிலேயே மின்சாரம் பிறக்கின்றது. பிறந்த அவ்வளவும் கரித்துண்டுகளின் வழியாகவே வெளிவருதல் வேண்டும். ஆதலின் பெரிய ஓட்டத்தை அது தாங்காது. பழைய ஆங்கிலேயப் பாணி டைனமோக்கள் 20 ஆம்பியரைச் சற்றே கடந்த அளவில் நின்றுவிடும். எஞ்சின் மெல்ல ஓடுங்கால் அதுவும் தாரா. ஆல்டர்னேட்டரிலோ சுழல்வது காந்தம். மின்சாரம் பிறப்பது அசையாத புறச்சுருளில். கரித்துண்டுகளின் வழியே செல்வது காந்தத்தை எழுப்புதற்கு வேண்டிய சில ஆம்பியர் மட்டுமே. அங்குப் பிறப்பது மாறுதிசை மின்சாரமாகலின், அதனை ஒருதிசைப்படுத்த ஆறு டயோடுகள் வேண்டும். சிலிக்கன் டயோடு எளிதிற் கிடைக்கத் தொடங்கிய பின்னரே, 1960-ஐ அடுத்த ஆண்டுகளில், ஆல்டர்னேட்டர் சிறு வண்டிகளில் பரவலாயிற்று.

நிற்க. ஆல்டர்னேட்டர் அமைத்த சில திங்களில் வண்டி காலையில் எழுவதற்கு மறுக்கலாயிற்று. புதிய பாட்டரி வாங்கினார்கள். அதுவும் இரண்டு திங்களில் சோர்ந்தது. ஆல்டர்னேட்டரே குறையுடையதென்று கருதி, பட்டறையில் அதனை நீக்கிப் புதியதொன்றை மாட்டினார்கள். அதன்பின் ஐப்பசி மாதத்து இரவொன்றில், நாகர்கோயிலில் ஒரு திருமணத்திற்குச் சென்றிருந்த தமையனார், அன்னையாரை உடன்கொண்டு பாளையங்கோட்டைக்குத் திரும்பினார். மழை விடாது பெய்தமையால் கண்ணாடி துடைப்பானும் இயங்கிக்கொண்டிருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயை அடையுமுன்னரே முகவிளக்குகள் மஞ்சளித்தன. கணவாயில் அவை தணல்போல் மங்கின. எதிரே வந்த சரக்கு வண்டிக்காரர் எம் வண்டியைக் கண்டாரோ இலரோ, தமையனார் சாலையை விட்டு இறங்கி நின்றதனால் உயிர் பிழைத்தனர். பத்துக் கன்னியர் உவமையை நம் கல்லூரிக் கோயிலில் எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்! அதில் எண்ணெய் கொண்டுவர மறந்தவர் விளக்கே அணைந்தது. ஈண்டோ எண்ணெய் ஊற்றும் பொறி இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கவே விளக்கு அணைந்தது.

தமையனாருடைய அச்சம் மறுநாள் சினமாக மாறிற்று. 'புதியதற்குப் பணம் பெற்றுக்கொண்டு, பழையதொன்றை மெருகிட்டு மாட்டிவிட்டான்' என்று பட்டறையில் மின்வேலை பார்க்கும் இளைஞன்மேல் குற்றம் சாட்டினார். அவ்வகை வஞ்சனை உலகில் இல்லாததன்று. ஆதலின் பட்டறை முதலாளியும் எளிதில் நம்பினார். விற்பனைச் சீட்டில் பொறியின் எண் எழுதப்படவில்லை. பொறிமேல் ஒட்டியிருந்த தாளோ எண்ணெயும் சேறும் படிந்து படிக்கலாகா நிலையிலிருந்தது. திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரவேண்டாமென்று முதலாளி அவ்விளைஞனிடம் சொல்லிவிட்டார். அவனுக்கு வயது பத்தொன்பது, தகப்பன் இல்லை, தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஓராண்டு படித்து, தங்கையின் படிப்புக்காகத் தன் படிப்பை நிறுத்தியவன். வெள்ளிக்கிழமை மாலை அவன் என் வீட்டு வாயிலில் வந்து நின்றான். "சார், பெட்டியை உடைத்து எடுத்ததைத்தான் மாட்டினேன். முதலாளி நம்பவில்லை. அழுது பயனில்லை; தாங்கள் மீட்டர் வைத்துப் பார்க்கவேண்டும்" என்றான். இரக்கத்தை வேண்டாது அளவையை வேண்டிய அச்சொல் என் உள்ளத்திற் பதிந்தது. மறுநாட் காலையில் வண்டியைச் சோதிப்பதென்று முடிவு செய்தோம். தமையனாரும் உடனிருக்க இசைந்தார்.

சோதனை தொடங்குமுன், குணமுள்ள வண்டியில் காணத்தக்க அளவுகள் யாவையென அறிதல் வேண்டும். ஈயப் பாட்டரியில் ஆறு அறைகள் உள. நிறைந்த நிலையில் ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் காட்டும். ஆகவே எஞ்சின் ஓடாது ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட் இருப்பின் பாட்டரி நிறைவு; 12.2 இருப்பின் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே சென்றால் வறுமை. அதனுள் மின்சாரத்தைச் செலுத்த வேண்டுமாயின் வெளியிலிருந்து மிகுந்த அழுத்தம் வேண்டும். அதனாலேயே ஆல்டர்னேட்டரின் கட்டுப்படுத்தி 13.8 முதல் 14.4 வோல்ட் வரை நிறுத்துமாறு அமைக்கப்பட்டிருக்கின்றது. வெப்பம் மிகுந்தால் இவ்வழுத்தம் சிறிது குறைவதும் முறையே. பங்குனி வெயிலில் நெடுந்தூரம் ஓடிய வண்டியில் 13.8 கண்டு திடுக்கிடுதல் வேண்டா.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். எஞ்சின் ஓடும்போதே பாட்டரியின் கம்பியைக் கழற்றிப் பார்த்து, எஞ்சின் நின்றால் ஆல்டர்னேட்டர் பழுது, ஓடினால் குணம் எனத் தீர்ப்புக் கூறுவார் இன்றும் உளர். தமையனாரின் நண்பர் ஒருவர் அன்று காலை அதற்கே ஆயத்தமாகத் திருகுக்கருவியோடு வந்திருந்தார். டைனமோக் காலத்தில் இப்பழக்கம் எவ்வாறோ செல்லுபடியாயிற்று. ஆல்டர்னேட்டரில் பாட்டரியைத் திடீரென விலக்கினால் அழுத்தம் ஒரு கணம் பன்மடங்கு எழுந்து, டயோடுகளையும் கட்டுப்படுத்தியையும் வண்டியிலுள்ள பிற நுண்கருவிகளையும் எரித்துவிடக்கூடும். நோயாளிக்கு உயிருண்டா என்றறிய மூச்சை அடைத்துப் பார்க்கும் மருத்துவத்தை ஒத்தது இது. நண்பருக்குக் காப்பி கொடுத்து அமரச் செய்தோம்.

முதலிற் பெல்ட்டை அழுத்திப் பார்த்தோம். நெடிய இடைவெளியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்த அரை அங்குலம் தாழ்ந்தது, அது போதும். பின்னர் எஞ்சினை எழுப்பினோம். பாட்டரியில் 12.4 வோல்ட், ஏறவில்லை. எஞ்சினை ஒரு முறை உறுமச் செய்ததும் ஏறிற்று. இக்குறியின் பொருளை இளைஞனே முதலில் உணர்ந்தான். ஆல்டர்னேட்டரின் காந்தம் தொடக்கத்தில் தானே எழாது. சாவியைத் திருப்பியதும் முகப்பில் எரியும் சிறு எச்சரிக்கை விளக்கின் வழியாகச் செல்லும் ஓட்டமே அதனை எழுப்புகின்றது. 2.2 வாட் குமிழாயின் ஏறத்தாழ ஆம்பியரில் ஐந்திலொரு பங்கு செல்லும். தமையனாரின் மகன் அழகுக்காக அக்குமிழை நீக்கி எல்.இ.டி. விளக்கொன்றைப் பொருத்தியிருந்தான். எல்.இ.டி.யோ மிகச் சிறிதளவே செல்லவிடும். ஆகவே வேகம் மிகுந்து, இரும்பில் எஞ்சிநின்ற காந்தம் வேலை செய்யும்வரை பொறி உறங்கிக் கிடந்தது. பழைய குமிழை இட்டவுடன் எஞ்சின் எழுந்த கணமே மின்னூட்டமும் தொடங்கிற்று. எல்லோரும் மகிழ்ந்தனர். நோய் தீர்ந்ததென்று தமையனார் எழுந்தும் விட்டார். இளைஞன் மட்டும், "விளக்குகளைப் போட்டுப் பார்க்கவில்லையே, சார்" என்றான்.

அவன் கூறியது தக்கது. சுமையின்றிச் சோதித்தல் வெறும் வண்டியை மேட்டில் ஏற்றிப் பார்த்து மாட்டின் வலிமையைப் புகழ்தல் போலாகும். முகவிளக்குகள், ரேடியேட்டர் விசிறி, குளிர்சாதனத்தின் விசிறிகள் ஆகிய யாவற்றையும் இயக்கி, எஞ்சினை நிமிடத்திற்கு 1,500 சுற்றில் நிறுத்தினோம். கம்பியைச் சூழக் கவ்வி ஓட்டத்தை அளக்கும் மீட்டர் 36 ஆம்பியர் காட்டிற்று. பாட்டரியின் இரு முனைகளுக்கிடையே 12.7 வோல்ட். இவ்வழுத்தத்தில் பாட்டரி நிறையாது. மழைத் துடைப்பானும் சேர்ந்து எஞ்சினும் மெல்ல ஓடினால் தன்னிடமுள்ளதையும் இழக்கும். "பாருங்கள், பொறி பழையதே" என்றார் தமையனார்.

யான் மீட்டரின் முனைகளை எடுத்துச் சென்று, ஒன்றை ஆல்டர்னேட்டரின் நேர்முனைத் திருகிலும் மற்றொன்றை அதன் உடலிலும் வைத்தேன். மீட்டர் 14.1 வோல்ட் காட்டிற்று. தமையனார் குனிந்து தாமே படித்தார். முனைகளை வாங்கித் தாமே வைத்தும் பார்த்தார். மீண்டும் 14.1. பழுதுற்ற பொறி 36 ஆம்பியர் கொடுத்துக்கொண்டே 14.1 வோல்ட்டில் நிற்றல் இயலாது. டயோடு ஒன்று கெட்டிருப்பின் இதனைத் தாங்காது. சுருள் கெட்டிருப்பினும் தாங்காது. பொறி தன் கடனைச் செவ்வனே செய்துகொண்டிருந்தது. பொறிக்கும் பாட்டரிக்கும் இடையில், இரண்டு முழத் தொலைவில், 1.4 வோல்ட் எங்கோ மறைந்துகொண்டிருந்தது.

நம் பௌதிக ஆய்வுச்சாலையில் பயின்றோர் பொட்டென்ஷியோமீட்டர்ப் பலகையை மறந்திரார். பத்துக் கம்பிகள் பலகையில் நெடுக நீட்டியிருக்கும். ஓட்டம் செல்லச் செல்ல அழுத்தம் அடி அடியாகக் குறைந்து வரும். தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்த அப்பலகையே வண்டியின் எஞ்சின் அறையில் வேறு வடிவிற் கிடக்கின்றது. ஓட்டத்தையும் தடையையும் பெருக்கினால் இழந்த அழுத்தம் வரும் என்பது ஓம் கண்ட விதி. பூட்டுச் செய்யும் கொல்லர் ஒருவரின் மகனாகிய ஓம், கொலோன் நகரத்துப் பள்ளியொன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பித்துவந்த காலத்தில், தாமே கம்பிகளை அமைத்து, தாமே கருவி செய்து அளந்தவர். 1827-இல் அவர் நூல் வெளிவந்தபோது அவருடைய நாட்டு அறிஞர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1841-இல் இலண்டன் ராயல் சங்கத்தார் காப்ளி பதக்கம் அளித்த பின்னரே பெருமை வந்தது. கொல்லன் மகன் என்றதும் எம் இளைஞன் நிமிர்ந்து பார்த்தான்.

இனி மறைந்த 1.4 வோல்ட்டைத் தேடிய வகை. யாவும் இயங்கிக்கொண்டிருக்க, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் நேர்முனையிலும் மற்றதைப் பாட்டரியின் நேர்முனையிலும் வைத்தோம்: 0.9 வோல்ட். குற்றமற்ற வழியாயின் இஃது 0.2-ஐத் தாண்டலாகாது. பின்னர் ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே வைத்தோம்: 0.5 வோல்ட். இரண்டையும் கூட்ட 1.4. கணக்கு ஒரு துளியும் சிந்தாமல் நேராயிற்று.

நேர்வழியில் நடந்தது யாதெனின்: டைனமோவை மாற்றியவர்கள் அதனோடு வந்த பழைய பழுப்புக் கம்பியை மாற்றவில்லை. அது டைனமோவிலிருந்து பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி வரை சென்று, அங்கொரு திருகில் இணைந்து, மீண்டும் பாட்டரிப் பக்கம் வருவது. பெட்டியின் உள்ளுறுப்புகளை நீக்கிவிட்டு அதனை வெறும் இணைப்புத் தலமாக விட்டிருந்தனர். இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக்கம்பி மூன்று மீட்டர் ஓடினால் அதன் தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் 21 பங்கு அளவாகும். 36 ஆம்பியர் சென்றால் முக்கால் வோல்ட் வரை அதிலேயே தொலையும். பச்சை பூத்திருந்த அத்திருகில் மற்றையது தொலைந்தது. பழைய டைனமோவின் 20 ஆம்பியருக்கு அக்கம்பி ஒருவாறு போதியதே. வாய்க்காலை அகலப்படுத்தாது ஏரியை மட்டும் ஆழப்படுத்தினால் கடைமடை விளையுமா?

எதிர்வழியின் கதை இன்னும் விந்தையானது. எஞ்சின் ரப்பர்த் திண்டுகளின்மேல் அமர்ந்திருப்பதால் வண்டியின் உடலோடு அதற்கு மின்தொடர்பு இராது. செப்பு இழைப் பட்டையொன்றால் இரண்டையும் பிணைப்பர். அப்பட்டை இருந்தது, இறுக்கமாகவும் இருந்தது. ஆனால் வர்ணம் பூசியவர் அதனைக் கழற்றி, உடலின் அவ்விடத்திலும் அழகாகக் கரிய வர்ணம் பூசி, வர்ணத்தின் மேலேயே திருகை முடுக்கியிருந்தார். திருகின் மரை தொட்ட சிறிய இடத்தின் வழியாகவே முழு ஓட்டமும் நெருக்குண்டு சென்றது, 0.4 வோல்ட் அங்கே நின்றது. வண்டியை எழுப்பும்போது சோக்குக் கம்பி கைக்குச் சுடுகிறதென்று அன்னையார் இரண்டு முறை சொல்லியிருந்தார், ஒருவரும் செவிசாய்க்கவில்லை. செப்புப் பட்டையில் வழியடைபட்ட மின்சாரம், தொடக்கி மோட்டாருக்குரிய பெருவெள்ளமாகலின், எஞ்சினையும் உடலையும் பிணைத்த அந்த மெல்லிய கம்பியிலும் பாய்ந்து அதனைக் காய்ச்சியிருந்தது. வீட்டில் முதலிற் குற்றத்தைக் கண்டவர் அன்னையாரே.

இவ்விரு வழியிலும் தொலைந்த 1.4 வோல்ட்டை 36 ஆம்பியரால் பெருக்கினால் 50 வாட் ஆகும். ஒரு முகவிளக்குக் குமிழின் வலிமை 55 வாட். கிட்டத்தட்ட ஒரு முழு விளக்கின் ஆற்றல், கம்பியையும் வர்ணத்தையும் சூடாக்குவதிலேயே வீணாயிற்று. மேலும் குமிழின் ஒளி அழுத்தத்தோடு ஒப்பக் குறைவதன்று. அழுத்தம் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் ஒளி நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது குறையும். ஆரல்வாய்மொழியில் சாலை தெரியாமற் போனதற்கு இதுவே காரணம்.

தமையனாரின் நண்பர் இப்போது குறுக்குவழியொன்று கூறினார்: கட்டுப்படுத்தியின் உணர்கம்பியில் ஒரு டயோடைச் செருகினால் அது ஏமாந்து அழுத்தத்தைக் கூட்டும் என்பது. இதனைச் செய்வார் உளர், யான் ஒப்புக்கொள்வதில்லை. கம்பியில் இழப்பு ஓட்டத்தைப் பொறுத்தது. இரவில் சுமை மிகுதியால் இழப்பு மிகும். பகலில் சுமையில்லாதபோது இழப்பும் இல்லை. அப்போது கூட்டிய அழுத்தம் முழுவதும் பாட்டரியின் தலையில் இறங்கி, அதன் நீரைக் கொதிக்கச் செய்யும். கம்பியின் குற்றத்தைக் கம்பியிலேயே தீர்த்தல் வேண்டும்.

அன்று மாலையே அவ்வேலை முடிந்தது. ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரிக்கு 16 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பி நேரே இழுத்து, பாட்டரியின் அருகில் 80 ஆம்பியர் பியூஸ் ஒன்றும் வைத்தோம்; அஃதின்றி இத்தகைய கம்பி உராய்ந்து உடலைத் தொட்டால் தீப்பிடிக்கும். எஞ்சினிலிருந்து பாட்டரியின் எதிர்முனைக்கு அதே பருமனில் மற்றொரு கம்பி. பட்டையின் திருகடியில் வர்ணத்தை இளைஞன் உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளபளக்கச் செய்து, திருகி முடுக்கி, மேலே வாசலைன் தடவினான். மீண்டும் யாவற்றையும் இயக்கி அளந்தோம். ஆல்டர்னேட்டரில் 14.1, பாட்டரியில் 13.9. செலவு ஓர் ஆல்டர்னேட்டர் விலையில் பத்திலொரு பங்கும் ஆகவில்லை.

தமையனார் அதிகம் பேசுபவரல்லர். மீட்டரை உறையிலிட்டு என்னிடம் தந்துவிட்டு, இளைஞனைத் தம் இருசக்கர வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குச் சென்றார். முதலாளியிடம் என்ன பேசினாரென்பதை அவரும் சொல்லவில்லை, யானும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில் கல்லூரிக்குச் செல்லும் வழியில், இளைஞன் வழக்கம்போல் ஒரு வண்டியின் மூடியைத் தூக்கி வைத்துக் குனிந்திருக்கக் கண்டேன்.

முன்னர்ப் பழுதென்று கழற்றிய முதல் ஆல்டர்னேட்டரை அவன் பட்டறை மேசையில் பிணைத்துச் சுழற்றிப் பார்த்தான். அதிலும் யாதொரு குறையுமில்லை. இப்போது அஃது ஊரிலுள்ள வாடகை வண்டியொன்றில் ஓடுகின்றது. எம் வண்டியில் இன்னும் ஒரு சிறு குறையுண்டு: எஞ்சின் மிக மெல்ல ஓடுங்கால், யாவும் இயங்கினால், பாட்டரியில் 13.1 வோல்ட்டே நிற்கின்றது. டைனமோவின் பெரிய கப்பியையே ஆல்டர்னேட்டரில் மாட்டியிருப்பதால் அது போதிய விரைவிற் சுழலவில்லை. சிறிய கப்பியொன்றைக் கடைந்து தர ஒப்புக்கொண்டிருக்கின்றார்கள்; வருகிற சனிக்கிழமை அதனை மாட்டும் வேலையும் அவ்விளைஞனிடமே விடப்பட்டிருக்கின்றது.